சிங்கம் தெரிந்தது, பிறகு?

ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. விடியுமுன் எழுப்புகிறார்கள்; கம்பளியைப் போர்த்திக்கொண்டு திறந்த ஜீப்பில் ஏறுகிறார்கள்; முதலில் மான், பிறகு யானை, கடைசியில் சிங்கம். சிங்கம் கொட்டாவி விட்டதும் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. நம் கையில் மிஞ்சுவது ஒரு பட்டியல்.

பட்டியல் போடுவது குற்றமல்ல. அது யார் போட்ட பட்டியல் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்று எல்லோரும் சொல்லும் ‘பெரிய ஐந்து’, வேட்டைக்காரர்கள் வகுத்தது. நடந்து போய்ச் சுடுவதற்கு எவை மிக ஆபத்தானவையோ அவைதாம் அதில் இடம் பெற்றன. ஒட்டகச்சிவிங்கிக்கு அங்கே இடமில்லை. துப்பாக்கி போய்க் காமிரா வந்தது. பட்டியல் அப்படியே இருக்கிறது.

நிலத்தைப் பாட வருகிறவனிடம் நம் இலக்கணக்காரர்கள் மூன்று சங்கதிகளைக் கேட்டார்கள். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள். விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலான கருப்பொருள். மனிதரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சபாரிக் கட்டுரை கருப்பொருளிலேயே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

போட்ஸ்வானாவிலுள்ள மொரேமி சரணாலயத்தை எடுத்துக்கொள்வோம். புல்வெளியும் சதுப்பும் கலந்த அந்த இடம் ஒக்கவாங்கோ ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. கழிமுகம் என்று பெயர்தான். அந்த ஆறு கடலைப் பார்த்ததே இல்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, கலஹாரி மணலில் விரல் விரித்தாற்போல் படர்ந்து, பெரும்பாலும் ஆவியாகவே மறைந்துவிடுகிறது. அதிசயம் அது வரும் பொழுதில் இருக்கிறது. உள்ளூர் மழை எப்போதோ நின்று, புல் காய்ந்து, குட்டைகள் வற்றிக் கிடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் வெள்ளம் உள்ளே ஏறுகிறது. மேலே மேகமில்லை, கீழே தண்ணீர் உயர்கிறது! யானைக் கூட்டம் அங்கே வருவதற்கும், சிங்கம் அங்கே காத்திருப்பதற்கும் அந்தத் தண்ணீரே காரணம். கதாநாயகன் அதுதான். அதை விட்டுவிட்டு, அதன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உரிப்பொருளோ கட்டுரைகளில் அடியோடு காணோம். இத்தனைக்கும் மொரேமியின் பிறப்பே ஒரு மனிதக் கதை. 1963இல், பிரிட்டிஷ் ஆட்சி இன்னும் நீங்காத காலத்தில், விலங்குகள் அருகி வருவதைக் கண்ட பதவானா மக்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் தாங்களே ஒதுக்கி வைத்தார்கள். முன்னின்று நடத்தியவர், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவியும் அப்போது ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவருமான எலிசபெத் புலானே மொரேமி. மெச்ச வேண்டிய காரியம். ஆனால் அந்த எல்லைக்குள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்திருந்த சான் குடியினர் வெளியேற நேர்ந்தது. சரணாலயத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் க்வாய் கிராமம் அவ்வாறு குடிபெயர்ந்தவர்களின் ஊர். கொடுத்த புகழ் ஒருவருக்கு, இழந்த வீடு இன்னொருவருக்கு. ஒரு நாவலாசிரியனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இது வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிடவும் முடியாது. மனிதரே தென்படாத காட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும் வாசகர், மனிதரை விரட்டினால்தான் மிருகம் பிழைக்கும் என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறார். மனிதர்கள் கூடி முடிவு செய்துதான் மொரேமி பிழைத்தது என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. அந்த முடிவின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதும் தெரிவதில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே அடியில் மறைந்து போகின்றன.

அடுத்து அங்கே போகிறவருக்கு ஒரு விண்ணப்பம். மொகோரோ என்னும் ஒடுங்கிய தோணியில் ஏற்றி, நீண்ட கழியை ஊன்றி, நாணலுக்கிடையே உங்களைத் தள்ளிக்கொண்டு போவாரே ஒருவர், அவரிடம் பேசுங்கள். இந்த ஆண்டு தண்ணீர் எப்போது வந்தது, அவருடைய பாட்டனார் எந்தக் கரையில் குடிசை போட்டிருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். சிங்கத்தை நாங்கள் படத்தில் பார்த்துக்கொள்கிறோம்.