பின்பாட்டுக்காரர்

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் வளையமாதேவிப் பக்கம் கூத்துக்கு நோட்டீஸ் அடித்தால் வாத்தியார் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பாட்டுக்காரர் பெயர் இருக்காது. முப்பது வருஷம் பின்பாட்டுப் பாடிய என் சித்தப்பாவின் பெயரை ஒரு நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. டிரனோசாரஸ் ரெக்ஸின் ஆரம்ப ஆல்பங்களை ஹெட்போனில் கேட்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வருகிறது.

1967இல் லண்டனில் தொடங்கிய குழு அது. கொஞ்ச நாளிலேயே இரண்டு பேர் மட்டும் என்றாகிவிட்டது. மார்க் போலன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அகூஸ்டிக் கிதாரோடு பாடுவார். பக்கத்தில் போங்கோ மேளத்தோடு ஸ்டீவ் பெரெக்ரின் டூக் (இந்தப் பெயரே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் இருந்து எடுத்து வைத்துக்கொண்டது). 1968இல் இரண்டு ஆல்பம், 1969இல் 'யூனிகார்ன்'. மூன்றுக்கும் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. முதல் ஆல்பத்தின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது, அவ்வளவு நீளம்.

1970இல் பெயரை 'டி. ரெக்ஸ்' என்று சுருக்கிக்கொண்டு போலன் ஸ்டார் ஆனார். அதற்கு முந்தினதெல்லாம் வெறும் ஒத்திகை, பிள்ளை விளையாட்டு என்றொரு பேச்சு உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை.

போலனின் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கும். பாதி வார்த்தை புரியாது. விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு குறையே இல்லை. வேஷக்காரர் அடியைப் பாதியில் விட்டு ஆடப் போய்விடுவார், பின்னால் நிற்கிறவர் அதை வாங்கி இழுத்துப் பிடிப்பார். பாட்டு கீழே விழாமல் இருப்பது அவரால்தான். 'டெபோரா'வில் டூக் செய்வதும் இதைத்தான். போலன் சொல்லை உடைத்து எழுத்து எழுத்தாகச் சிதறவிட, போங்கோ குதிரை மாதிரி ஓடுகிறது, இரண்டாவது குரல் குறுக்கே விழுந்து வம்பு செய்கிறது. இரண்டாவது ஆல்பம் கொஞ்சம் அலுப்புதான், ஒரே பாட்டைத் திரும்பக் கேட்கிற மாதிரி. 'யூனிகார்ன்' அப்படி இல்லை. அதில் டூக் பாஸ் கிதார், பியானோ, பிக்ஸிபோன் என்ற பொம்மை வாத்தியம் வரைக்கும் வாசித்திருக்கிறார். அந்தப் பொம்மைச் சத்தம் வருகிற இடங்களில் காடு, மிருகம், தேவதை எல்லாவற்றையும் நான் நம்பிவிடுகிறேன்.

டூக் தன் பாட்டுகளையும் ஆல்பத்தில் சேர்க்கக் கேட்டார். போலன் ஒப்பவில்லை. 1969 அமெரிக்கப் பயணத்தோடு கூட்டு முறிந்தது. 'எ பியர்ட் ஆஃப் ஸ்டார்ஸ்' ஆல்பத்தில் மிக்கி ஃபின் வந்தார், எலக்ட்ரிக் கிதாரும் வந்தது. நல்ல ஆல்பம்தான். ஆனால் அந்த வம்பு இல்லை. 1977இல் கார் விபத்தில் போலன் இறந்தபோது உலகமே அழுதது. 1980இல் டூக் போனது எத்தனை பேருக்குத் தெரியும்?

போன பொங்கலுக்குச் சித்தப்பா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ரெண்டு பாட்டு கேட்டார்.

"முன்னாடி பாடுறவன் அவசரப்படுறான்டா. பின்னாடி இருக்கிறவன்தான் தாங்குறான். அவன் பேரு என்ன?"

சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை.