சட்டகத்தின் இடப்பக்கம்: அமெச்சூர் ஒளிப்படங்களை விமர்சிப்பது குறித்து

கவிதை, சிறுகதை பற்றிக் கூட்டங்களில் பேசிப் பழகிய என்னை ஒளிப்படம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். 2024 ஜனவரி, திருவொற்றியூரில் ஒரு வாசகசாலையின் மொட்டைமாடிக் கொட்டகை. சணல் கயிற்றில் துணி மாட்டும் கிளிப் போட்டு நாற்பது படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு வரிசை, ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராவோடு காசிமேட்டுக்கு வருகிற, வேறு வேலையில் சம்பாதிக்கிற நண்பர்கள் எடுத்தவை. எதிர்வரிசை, எண்ணூர்க் குப்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் செல்போனில் எடுத்தவை. 'கவிதைக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க தோழர், நல்லது கெட்டது ரெண்டும் வரணும்' என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர். இரண்டையும் சொன்னேன். இரண்டுமே தப்பாகப் போயின. ஏன் தப்பாகப் போயின என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

நான் பாராட்டிய படத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காசிமேடு துறைமுகம். தலையில் கூடையோடு ஒரு பெண், பின்னால் நெருக்கியடித்து நிற்கும் விசைப்படகுகள், எல்லாவற்றின் மேலும் பொன்னாக விழும் வெயில். 'உழைப்பின் பொன்' என்று தலைப்பு. சட்டகத்தின் மூன்றிலொரு பங்கில் அப்பெண் நிறுத்தப்பட்டிருப்பதையும், கூடையின் வட்டமும் சூரியனின் வட்டமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதையும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் குறுக்கிட்டார்: 'தம்பி, கூடை காலி. மீன் இருந்தா கழுத்து இப்டி நிக்காது. பின்னாடி போட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கெடக்கு பாரு, இது தடைக்காலம். அந்தப் பொம்பள சரக்கு எடுக்க முடியாம திரும்பிப் போவுது.' எடுத்தவரைக் கேட்டோம். மே மாதம் எடுத்ததுதான் என்றார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வரத்து குறைந்து விலை ஏறும். கையில் சிறு முதலோடு வருகிற பெண்கள் ஏலத்தில் தாக்குப்பிடிக்க முடியாது. ஆக, வேலையற்றுப்போன ஒரு காலையை அந்தத் தலைப்பு 'உழைப்பு' என்றது, நான் அதை வழிமொழிந்தேன். கூடை, கழுத்து, கட்டிக் கிடக்கும் படகு என்று சான்று முழுக்கப் படத்துக்குள்ளேயே இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவரைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் நன்னூல் ஞாபகம் வராமல் போகாது. பவணந்தி நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று மற்றொன்று விரித்தல். எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது. அந்தப் படத்தில் பெருக்கப்பட்டது வெயில். இப்படிச் சொன்னதும் எடுத்தவர் கேட்டார்: 'அப்ப இந்த ஊர அழகா எடுக்கவே கூடாதா சார்? அழுக்காத்தான் காட்டணுமா?' நியாயமான கேள்வி. வட சென்னை என்றாலே அரிவாளும் சேறும் என்று பார்க்கப் பழக்கிவிட்ட சினிமாவின் கதையாடலுக்கு எதிராக வெயிலைத் தேடிப் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வெயில் அன்று அங்கே அடித்ததும் உண்மைதான். ஆகவே அவரிடம் சொன்னது இவ்வளவே: தலைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேதியை எழுதுங்கள், ஜூன் 15-க்குப் பிறகு ஒரு நாள் அதே இடத்துக்குப் போய் நின்று பாருங்கள், அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து ஒரு பிரதி கொடுங்கள். தேதி விழுந்ததுமே அந்தப் பொன்வெயிலின் அர்த்தம் மாறிவிடும்.

எதிர்வரிசைக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து அடித்துவரப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே வாளியைத்தான் பார்த்தோம். இரண்டு முறையும் பத்திரிகைகளில் நாம் அதிகம் பார்த்த பிம்பம் கேமராவை நோக்கி விரித்த கறுத்த உள்ளங்கை. கயிற்றிலும் அப்படியொரு படம் தொங்கியது. பதினாறு வயதுப் பையன் எடுத்தது. 'மாமாவ கையக் காட்டச் சொன்னேண்ணா' என்றான்.

காட்டச் சொல்லி எடுப்பதற்கு இந்நகரத்தில் நீண்ட வரலாறு உண்டு. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-இல். சென்னையின் ஒளிப்படக் கழகம் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டு. 'அமெச்சூர்' என்ற சொல் அன்று அதிகாரிகளையும் கனவான்களையும் குறித்தது. அவர்களில் ஒருவரான டபிள்யூ.டபிள்யூ.ஹூப்பர் சென்னைப் படையில் அதிகாரி. 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் குழுக்குழுவாக உட்கார வைத்துப் படமெடுத்தவர். 1886-இல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றப்படும் கணத்தைப் படமெடுக்க முயன்று கண்டனத்துக்கு ஆளானவரும் இவரே. அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. பக்கிங்காம் என்பது அன்றைய ஆளுநரின் பெயர். எண்ணெய் இறங்கிய அந்த நீர்வழி அப்பெயரையே தாங்கியிருக்கிறது.

ஹூப்பரையும் இந்தப் பையனையும் ஒரே தராசில் வைக்கலாகாது. 'போடா வேலையப் பாரு' என்று மாமா சொல்லியிருக்க முடியும். ஹூப்பரின் முன் உட்கார்ந்தவர்களுக்கு மறுக்கும் சக்தியோ வழியோ இல்லை. ஒளிப்படம் என்பது எடுப்பவர், எடுக்கப்படுபவர், பார்ப்பவர் ஆகிய மூவருக்குமிடையே நடக்கும் உறவு, இதில் எடுக்கப்படுபவருக்கும் உரிமை கோர இடமுண்டு என்கிறார் அரியெல்லா அசூலே. அந்த அளவுகோலில் பையன் தேறிவிடுகிறான். ஆனாலும் அவன் படத்தில் ஒரு குறை உண்டு, அதற்கும் பவணந்தியிடம் பெயர் இருக்கிறது: கூறியது கூறல். பத்திரிகைக்காரர் சொல்லிவிட்டதையே அவனும் சொல்கிறான். அன்றிரவு எந்தச் சோப்புக்கும் போகாத அந்தக் கையால் மாமா எப்படிச் சோறு உண்டார்? இது மருமகனுக்குத் தெரியும், பத்திரிகைக்காரருக்குத் தெரியாது. 'அத எடுக்கத் தோணலியாடா?' என்றேன். 'அது படமாண்ணா?' என்றான். எது படம் என்று ஏற்கெனவே யாரோ முடிவு செய்து அவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். கருத்தியல் என்று பக்கம் பக்கமாக நாம் எழுதுவது இதைத்தான்.

நான் குறை சொன்ன படத்துக்கு வருகிறேன். காட்டுக்குப்பத்துப் பெண் ஒருவர் எடுத்தது, கல்லூரியில் முதலாண்டு படிப்பவர். வலப்பக்கம் அப்பாவின் படகு, கறுத்த வலைக்குவியல். இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமை, ஓரத்தில் படகு கட்டும் ஒரு கல். 'இடப்பக்கம் சும்மா கெடக்கு, வெட்டிட்டா படம் இறுகும்' என்றேன். 'வெட்டினா கல்லு பூடும்ணா. எண்ணெ எவ்ளோ ஒசரம் ஏறிச்சின்னு காட்டுறதே அந்தக் கல்லுதான். அதுக்குத்தான் எடுத்தேன்' என்றார். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்திருந்த நேரம் அது. வலை மேட்டில்தான் இருந்தது, அங்கேயும் எண்ணெய் ஏறியது என்று கணக்கெடுக்க வருகிறவர்களிடம் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட படம். 'கலைப்படைப்பு' என்று கயிற்றில் மாட்டியது நாங்கள்.

கூட்டம் கைதட்டியது. இயக்கத் தோழர் ஒருவர் எழுந்து, 'இது மக்கள் எடுத்த படம். இதுல கம்போசிஷன் பாக்குறதே மேட்டிமைத்தனம்' என்றார். நானும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் அந்தத் தலையாட்டல் உறுத்த ஆரம்பித்தது. விளிம்பிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு படத்தைக் கேள்விக்கு அப்பால் வைப்பது, அதை எடுத்தவரை நம்மோடு விவாதிக்கத் தகுதியற்றவராக ஆக்குவதாகும். ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு அரைமணி நேரம் சண்டை போட்ட நான், இந்தப் பெண்ணுக்குக் கைதட்டலை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தேன். மரியாதையான புறக்கணிப்பு அது.

மறுவாரம் எண்ணூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். 'கணக்கெடுக்க வந்தவரு கல்லுல இருக்கிறது நெழலுன்னு சொல்லிட்டாரு' என்றார். படத்தை மறுபடி பார்த்தேன். சாயங்காலம், மேற்கே பார்த்து எடுத்திருக்கிறார். கல்லின் இப்பக்க முகம் முழுக்க இருட்டு. எண்ணெய்க் கறை எது, நிழல் எது என்று பிரிக்கமுடியவில்லை. கல்லின் உயரத்தை ஊகிக்க அருகே ஒன்றுமில்லை. மயங்க வைத்தல் என்ற குற்றம் இதுதான். கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய விமர்சனமும் இதுதான். வெளிச்சம், கோணம், அளவு இதெல்லாம் மேட்டிமை ரசனை என்று ஒதுக்கிவிட்டால் நட்டப்படுவது நாமல்ல. பொன்வெயிலைத் தேடுகிறவருக்கு வெளிச்சம் ஓர் இன்பம் என்றால் இந்தப் பெண்ணுக்கு அது வழக்கின் சாட்சி.

விமர்சனம் படத்தை வெட்டுவதற்கு முன்பு, எதற்காக எடுத்தது, யாரிடம் காட்ட என்று கேட்டாக வேண்டும். பதில் கிடைத்த பிறகு கறாராகவே பேசலாம், பேச வேண்டும். 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் 2022-இல் தயாநிதா சிங்-பாரி விருது பெற்றவருமான எம்.பழனிகுமார் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக்கொடுத்து வருகிறார். கேமரா அவர்கள் கைக்குப் போனால் போதும் என்று நாம் நின்றுவிடக் கூடாது. அப்படங்களைச் சுற்றி ஒரு பேச்சு வேண்டும். அதில் மீன் விற்கும் அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும்.

சில நாள் கழித்து அந்தப் பெண் செல்போனில் புதுப் படம் அனுப்பினார். காலை வெயில் அவர் முதுகுக்குப் பின்னால். கல்லின் கறை பளிச்சென்று தெரிகிறது, பக்கத்தில் ஒரு துடுப்பு சாத்தியிருக்கிறது. கீழே இரண்டு வரி: 'கல்லு இப்ப நடுவுல இருக்குண்ணா. வேணும்னா இடப்பக்கத்த வெட்டிக்கலாம்.'