மடை யார் கையில்? கரிசக்காட்டிலிருந்து ஐந்து ஹாலிவுட் படங்கள்

முதல்லயே சொல்லிடுறேன், நான் சினிமா விமர்சகன் கிடையாது. கேமரா கோணம், எடிட்டிங் பற்றியெல்லாம் பேசத் தெரியாது. நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பில் சப்டைட்டிலோடு படம் பார்க்கிற ஆள். பாதிப் படத்தில் தூங்கிப்போவதும் உண்டு. ஆனால் சில வருஷமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உலகம் அழியப்போகிறது என்று காட்ட நினைத்தால் ஹாலிவுட் உடனே எங்க ஊரைக் காட்டிவிடுகிறது. வெடித்த தரை, புழுதிக்காற்று, மரமில்லாத வெட்டவெளி, காலிக் குடம். மற்றவர்கள் பயப்படுகிற இடத்தில் எனக்கு, "இது திருச்சுழி ரோடு மாதிரில்ல இருக்கு" என்று தோன்றுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரம் தெரியாதவர்களுக்காக: இது விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமி. வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் சுற்றி மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். குண்டாறு ஆறுதான், ஆனால் வருஷத்தில் பாதிக்கு மேல் மணல். அதனால் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். கரையில் மடை, மிஞ்சிய தண்ணீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போக கலுங்கு. மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விட ஓர் ஆள், அவர் பெயர் நீர்பாய்ச்சி. அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி.

ஆக, தண்ணீர் இல்லாத ஊரைப் பற்றி ஒரு படம் வந்தால் நான் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: மடை யார் கையில இருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்கிற படம் எனக்கு நல்ல படம். கேட்காத படம் எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும் எங்கோ இடிக்கிறது. கீழே ஐந்து படங்கள். கதை முடிவுகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

இன்டர்ஸ்டெல்லார் (2014)

கிறிஸ்டோபர் நோலன் படம். எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங் பசங்க எல்லாருக்கும் இது வேதம். பூமியில் பயிர்நோய் பரவி ஒவ்வொரு பயிராக அழிகிறது. வெண்டைக்காயின் கடைசி மகசூல் இதுதான் என்று ஒரு பேச்சு வரும், எனக்குப் பகீர் என்றது. மிஞ்சியது மக்காச்சோளம் மட்டும். சாப்பாட்டு மேஜையில் புழுதி விழாமல் தட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை, எங்க வீட்டில் ஆடி மாசக் காற்றுக்கு இன்னைக்கும் அப்படித்தான்.

படம் வந்து நாலு வருஷத்தில், 2018ல், அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. முதலில் கர்நாடகாவில் கண்டுபிடித்தார்கள், அதே வருஷம் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தின்றது. எங்க பக்கம் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியிருந்த ஆட்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? யாரும் ராக்கெட் ஏறவில்லை. வேப்பம்புண்ணாக்கு போட்டுக் கோடை உழவு, ஓரத்தில் தட்டப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்னதைச் சிலர் செய்தார்கள். சிலர் பருத்திக்கே திரும்பினார்கள். நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் உலகம் முடியவில்லை.

இந்த நடுக்கட்டம்தான் படத்தில் இல்லை. பூமியில் அத்தனை விவசாயிகள் இருந்தும் ஒருத்தராவது மாற்றுப்பயிர், மண், விதை என்று முயற்சி செய்வதைக் காட்டுவதில்லை. கதாநாயகன் கூப்பர் விவசாயம் செய்துகொண்டே விவசாயத்தை வெறுக்கிறவன். முன்னெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தோம், இப்போது புழுதியைக் குனிந்து பார்க்கிறோம் என்கிற அர்த்தத்தில் ஓர் ஆதங்கம் பேசுவான். பசங்க கைதட்டுகிற இடம் அது. எனக்கு அந்த இடத்தில்தான் படம் விட்டுப்போனது. மானாவாரிக்காரனுக்கு அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து பார்ப்பதும் ஒரே வேலை. எங்க நிலத்துக்கே 'வானம் பார்த்த பூமி' என்றுதானே பெயர்?

இன்னொரு விஷயம். படத்தின் தொடக்கத்தில் வயதானவர்கள் சிலர் புழுதிக்காலத்தை நினைத்துப் பேசுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் இல்லை. 1930களில் அமெரிக்கச் சமவெளியில் அடித்த புழுதிப்புயலில் வாழ்ந்தவர்கள், கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் சொன்ன சாட்சியங்கள் அவை. அந்தப் புழுதி சும்மா வரவில்லை. கோதுமை ஆசையில் புல்வெளியை எல்லாம் உழுதுபோட்டார்கள், அதன்மேல் வறட்சி வந்தது. லட்சக்கணக்கானவர்கள் கலிபோர்னியா பக்கம் கிளம்பியதும் உண்மை. ஆனால் கிளம்பாமல் இருந்தவர்களே அதிகம். சரிவுக்குக் குறுக்கே உழுது, புல்லை மறுபடி வளர்த்து, காற்றைத் தடுக்க 20 கோடிக்கு மேல் மரங்கள் நட்டார்கள். நோலன் அவர்களுடைய குரலை எடுத்துக்கொண்டார், அந்த ஊர் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டார்.

கூப்பரின் மகன் டாம் இதைவிட மோசம். நிலத்தை விட்டுப் போகமாட்டேன் என்று இருப்பவன் அவன் ஒருத்தன்தான். படம் அவனைப் பிடிவாதக்கார முட்டாளாக்குகிறது. தங்கை அவனுடைய விளைந்த காட்டுக்கே தீ வைக்கிறாள், அது சரி என்பதுபோல் படம் நகர்கிறது. கடைசியில் திரும்பி வருகிற அப்பா மகளைப் பார்க்கிறான், மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லா ஊரிலும் டாம் மாதிரி ஆட்களுக்கு இதே மரியாதைதான்.

தி மார்ஷியன் (2015)

இதுவும் விண்வெளிப் படம்தான், ஆனால் இது விவசாயி எடுத்த படம் போல இருக்கும். ரிட்லி ஸ்காட் இயக்கம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட தாவரவியல்காரன் மனிதக் கழிவை உரமாகப் போட்டு உருளைக்கிழங்கு போடுகிறான். தண்ணீருக்கு ராக்கெட் எரிபொருளிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து எரிக்கிறான், ஒருதடவை வெடித்துத் தூக்கியும் வீசுகிறது. படம் முழுக்கக் கணக்கு: எத்தனை கிழங்கு, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு.

எங்க பக்கம் புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைப்பதுண்டு, புழுதி விதைப்பு என்பார்கள். எறும்பு தூக்குவது எவ்வளவு, மழை பத்து நாள் தள்ளினால் எவ்வளவு என்று அப்பத்தா விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். மேட் டேமன் முகத்தில் அந்தக் கணக்குப்போடும் பார்வை அப்படியே இருந்தது. அவன் பயிர் ஒரே நொடியில் உறைந்து சாகிற காட்சியும் நிஜம். செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, அப்படிப் புயல் அடிக்காது என்பார்கள். போகட்டும், நம்ம ஊர்ப் படத்தில் லாஜிக் பார்த்தா உட்காருகிறோம்?

குறை ஒன்றுதான். அங்கே இருப்பது ஒரே ஆள். அதனால் சண்டை இல்லை, முறை இல்லை, மடை இல்லை.

ராங்கோ (2011)

இதைக் குழந்தைகள் படம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். கோர் வெர்பின்ஸ்கி எடுத்த அனிமேஷன், ஆஸ்கர் வாங்கியது. ஒரு பல்லி, பாலைவனத்தில் 'டர்ட்' என்கிற ஊர். அந்த ஊர் வங்கியில் பணத்துக்குப் பதில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை புதன்கிழமை ஊரே ஆடிப்பாடிக்கொண்டு பெரிய குழாய்க்கு முன்னால் போய் நிற்கும், குழாயில் வருவது சேறு. குழாயடியில் குடத்தை வரிசை வைத்துவிட்டுப் போன யாருக்கும் அது கார்ட்டூனாகத் தெரியாது.

மேயர் ஓர் ஆமை. தண்ணீரை அடைத்ததே அவர்தான். ஊர் காய்ந்ததும் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார், புதிய நகரம் கட்ட. 1974ல் வந்த 'சைனாடவுன்' படத்து வில்லனின் சாயல் அவர். அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதோ நிஜக்கதை: 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்குத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுபோனது, அங்கிருந்த ஏரி காய்ந்தே போனது. வறட்சி இயற்கையாகத் தெரியும்போது வால்வை யார் திருகினார் என்று பார், என்கிறது இந்தப் பல்லிப்படம். ஐந்தில் மடைக் கேள்வியை நேராகக் கேட்பது இதுதான்.

மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் (2015)

ஜார்ஜ் மில்லரின் இந்தப் படத்தைச் சண்டைப்படம் என்று பார்க்க ஆரம்பித்தேன். மலைமேல் இருக்கிற ராஜா ஒரு நெம்புகோலை இழுக்கிறான், மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கீழே ஜனங்கள் சட்டியோடு முண்டுகிறார்கள், உடனே அடைத்துவிடுகிறான். தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று உபதேசம் வேறு. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஃப்யூரியோசா பெண்களைக் கூட்டிக்கொண்டு பசுமையான இடம் தேடி ஓடுகிறாள். போய்ப் பார்த்தால் அந்த இடம் செத்துச் சதுப்பாகக் கிடக்கிறது. அங்கே ஒரு கிழவி மட்டும் ஒரு பையில் விதைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இன்டர்ஸ்டெல்லாராக இருந்தால் இன்னும் தூரம் ஓடியிருப்பார்கள். இதில் வண்டியைத் திருப்புகிறார்கள். தண்ணீர் இருக்கிற இடம் கிளம்பி வந்த இடம்தான், மாற்ற வேண்டியது நெம்புகோல் யார் கையில் என்பதை. இதற்காகவே இரண்டு தடவை பார்த்தேன்.

ஒரு வேடிக்கை. இந்தப் படத்தை ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பாலைவனத்தில் எடுக்கத்தான் திட்டமிட்டார்கள். மழை பெய்து பூப்பூத்துக் குலுங்கிவிட்டது, படப்பிடிப்பை நமீபியாவுக்கு மாற்றினார்கள். ஒரு நல்ல மழையில் கரிசல் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை.

ஆனால் மடை திறந்ததும் படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் யார் முறை வைப்பது? எங்க கண்மாய்களையும் சும்மா புகழ்ந்துவிட முடியாது. பல ஊர்களில் நீர்பாய்ச்சியாக இருந்தவர்கள் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மடைக்கல்லைத் தூக்கியது அவர் கை, தூக்கச் சொன்னது நிலம் வைத்திருந்தவர் வாய். கண்மாய் பற்றிய நாவலான சோ. தர்மனின் 'சூல்' 2019ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியபோது எங்க பக்கம் நிறையப் பேர் படித்தோம். ஃப்யூரியோசா ஆட்சிக்கு வந்தபின் நடப்பதை எழுத அந்த மாதிரி ஆள்தான் வேண்டும்.

டூன் (2021, 2024)

சுருக்கமாகச் சொல்கிறேன், முதல் பாகத்தில் கொஞ்சம் தூங்கிவிட்டேன். ஆனால் தண்ணீரின் மரியாதை இந்தப் படத்துக்குத் தெரியும். எதிரில் இருப்பவன் எச்சில் துப்பினால் அது அவமதிப்பல்ல, தன் உடம்பின் ஈரத்தைத் தருகிற மரியாதை. அரண்மனை வாசலில் இருபது பேரீச்ச மரம், ஒவ்வொன்றும் ஐந்து பேர் தண்ணீரைக் குடிக்கிறது. இரண்டாம் பாகத்தில் குகைக்குள் ஒரு குளம், தாகத்தில் செத்தாலும் யாரும் தொடமாட்டார்கள். விதைத்தானியத்தைப் பஞ்சத்திலும் தொடாதே என்று வளர்ந்தவனுக்கு அது புரிந்தது. அந்த ஊரைக் காப்பாற்ற வெளியூர் இளவரசன்தான் வரவேண்டுமா என்ற எரிச்சலும் வந்தது. அதைச் சந்தேகப்படத்தான் கதையே என்கிறார்கள். கூட்டம் விசிலடித்தது என்னவோ இளவரசனுக்குத்தான்.

கிளம்புவதா, இருப்பதா

இதெல்லாம் சினிமாதானே, இவ்வளவு யோசிக்கணுமா என்றால், ஆமாம். என் அக்கா மகன் காலேஜ் பையன், இன்டர்ஸ்டெல்லாரை ஏழு தடவை பார்த்தவன். கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்ததிலிருந்து எங்க சுற்றுவட்டாரத்திலும் காடு கேட்டுத் தரகர்கள் வருகிறார்கள். எங்க நாலு ஏக்கரையும் ஒருத்தர் கேட்டார். வீட்டில் பேச்சு வந்தபோது அவன் சொன்னது: "வித்துருங்க மாமா. புத்தியுள்ளவன் கிளம்பிருவான், இருக்கிறவன் டாம்."

அவன் சொல்வதில் பாதி உண்மை. கிளம்பிப் போவது எங்களுக்குப் புதுசு இல்லை. 1876ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தப் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தே கரைக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். இன்று திருப்பூர், சென்னை, வளைகுடா. கூப்பர் விண்கலத்தில் உட்கார்ந்து, 23 வருஷமாகப் பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து அழுகிற காட்சியில் நானும் அழுதேன். துபாயில் இருக்கிற என் பங்காளி பிள்ளையின் மொட்டையையும் காதுகுத்தையும் போனில்தான் பார்த்தான். போகிறவனின் வலியை அந்தப் படம் சரியாகச் சொல்கிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'கூட எங்கிருந்தோ கிளம்பிவந்தவர்கள் கதைதான். ஆனால் அவர்கள் கிளம்பி வந்து சேர்ந்த இடம் இந்தக் கரிசல். நோலன் 'விட்டுப் போ' என்று காட்டுகிற மண்ணை அவர்கள் காடு திருத்தி ஊராக்கினார்கள்.

அதனால் அவனிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. ஃப்யூரி ரோடையும் ராங்கோவையும் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசுவோம் என்றேன். ராங்கோ மட்டும் பார்த்திருக்கிறான். "அந்த ஆமையும் நிலம்தான் மாமா வாங்குது" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நிலப்பேச்சு இப்போதைக்கு அப்படியே நிற்கிறது.

மார்க் கேட்பவர்களுக்குக் கண்மாய்க் கணக்கில்: ராங்கோ நிறைகண்மாய், கலுங்கு பாயுது. ஃப்யூரி ரோட் முக்கால். மார்ஷியன் அரைக்கண்மாய்க்கு மேல். டூன் அரை. இன்டர்ஸ்டெல்லார் கால்கண்மாய், அதுவும் அந்த வீடியோ காட்சிக்காக.