சிறிய லீவர் ஹார்ப்பின் ஒலிப்பலகை மரம்: ஒரு மதிப்பீடு

லீவர் ஹார்ப் என்பது நரம்புகளின் மேல்முனையில் சிறு நெம்புகோல்கள் பொருத்தப்பட்ட, யாழ் வகையைச் சேர்ந்த இசைக்கருவி ஆகும். நெம்புகோலை உயர்த்தினால் அந்த நரம்பின் சுரம் அரைப்படி கூடும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபிலிருந்து வளர்ந்த இக்கருவியின் சிறிய வடிவங்கள் பெரும்பாலும் 22 முதல் 26 வரை நரம்புகள் கொண்டவை. இதை வாங்குவோர் பலர் ஒலிப்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா என்று கேட்பர். முழுமரமே எப்போதும் சிறந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே.

ஒலிப்பலகையின் பணி

பழந்தமிழ் யாழில் பத்தரின் மேல் தோல் போர்த்தப்பட்டது. ஹார்ப்பில் அந்த இடத்தில் மெல்லிய மரப்பலகை இருக்கிறது. நரம்புகள் அதன் நடுப்பட்டையில் கட்டப்பட்டுப் பலகையை மேல்நோக்கி இழுக்கின்றன. சிறிய கருவியிலும் மொத்த இழுவிசை நூறு கிலோ எடைக்கு மேல் இருக்கும். எனவே எளிதில் அதிரும் மென்மையும், இழுவையைத் தாங்கும் உறுதியும் பலகைக்கு ஒருங்கே வேண்டும். தாழ்சுரப் பக்கம் தடித்தும் உயர்சுரப் பக்கம் மெலிந்தும் அது அமைவது இதனால்தான்.

மரம் நரம்போடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள பழைய ஹார்ப்பின் ஒலிப்பெட்டி வில்லோ மரக்கட்டையைக் குடைந்து செய்யப்பட்டது. அம்மரபில் பித்தளைக் கம்பிகள் கட்டப்பட்டன. இன்றைய நைலான் நரம்புக்கு அமைந்த பலகை வேறு. அதில் இழுவிசை மிகுந்த நரம்புகளைக் கட்டினால் பலகை சேதமடையலாம்.

மரங்களின் குணங்கள்

ஸ்புரூஸ் மரம் எடை குறைந்தது, அதே வேளை விறைப்பானது. அதன் ஒலி தெளிவாக இருக்கும். வாசிக்க வாசிக்க ஒலி விரிவடைகிறது என்பது இசைப்போர் அனுபவம். சீடர் மரம் அதைவிட மென்மையானது, ஒலி இதமானது, ஆனால் எளிதில் வடுப்படும். பிர்ச் ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் இழைகள் மாறிமாறி அமைவதால் அது எளிதில் பிளவுபடாது. ஒலி முழுமரத்தைவிடச் சற்று அடங்கியிருக்கலாம்.

மதிப்பீடு

முழுமரத்தின் இனிமை உண்மையானது. ஆனால் மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். அதுவும் இழைக்குக் குறுக்கே மிகுதியாக. குளிர்காலத்தில் சூடேற்றப்படும் அறையிலும், நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையிலும் முழுமரப் பலகை பிளவுபடும் வாய்ப்பு அதிகம். பள்ளிக்கும் வகுப்புக்கும் தூக்கிச் செல்லப்படும் கருவிக்கும் இதே இடர் உண்டு. சேமிப்பைச் செலவிட்டு வாங்கிய மாணவருக்கு, பிளந்த ஸ்புரூஸைவிடப் பிளவாத பிர்ச்சே பயன் தரும்.

மேலும், சிறிய கருவியின் பலகைப் பரப்பும் பெட்டியின் உள்வெளியும் குறைவு. ஆகவே அதன் தாழ்சுரம் மெலிந்தே ஒலிக்கும். விலையுயர்ந்த மரம் இக்குறையை முழுதும் போக்காது. நன்கு சீவப்படாத முழுமரத்தைவிட, நன்கு வடிவமைத்த ஒட்டுப்பலகை இனிமையாக ஒலிக்கக்கூடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மேலே தெரியும் இழையை மட்டும் கண்டு முடிவு செய்யக்கூடாது. ஒட்டுப்பலகையின் மேல் ஸ்புரூஸ் மென்தகடு ஒட்டப்படுவதும் உண்டு. முன்பக்கத்தில் துளை இருந்தால் அதன் விளிம்பில் அடுக்குகள் தெரியும். இல்லையேல் செய்தவரிடம் கேட்டறியலாம். பழைய கருவியில் பலகை சிறிது மேல்வளைந்திருப்பது இயல்பு. பிளவு, ஒட்டு விலகல், நடுப்பட்டை பெயர்தல் ஆகியவையே குறைகள். வேறுவேறு மரங்களாலான இரு கருவிகளை ஒரே அறையில் ஒருவரே வாசிக்க, வாங்குபவர் சில அடி தள்ளி நின்று கேட்பது நல்லது. வாசிப்பவர் காதுக்கும் எதிரே இருப்பவர் காதுக்கும் ஒலி வேறுபடும்.

முழுமரக் கருவியைத் தேர்ந்தால் அறையின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்க வேண்டும். அது இயலாத வீட்டுக்கு ஒட்டுப்பலகையே பொருத்தமானது.