நுவரெலியாவின் வறுமை யார் கணக்கில்?

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தர வெட்டுப்புள்ளி வெளியாகும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது: நுவரெலியாதான் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறதே, தோட்டத்துப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சலுகை வேண்டும்? பல்கலைக்கழக இடங்களில் தீவளாவிய திறமைக்கு 40 சதவீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று தனியாக 5. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலைச் சுற்றி நடந்த சண்டையிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. இதனால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். மலையகத்திலிருந்து வந்த மருத்துவர்களிலும் பொறியியலாளர்களிலும் பலர், கொழும்பின் பெரிய பாடசாலைகளோடு நேருக்கு நேர் மோதியிருந்தால் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வறுமையை மாவட்டத்தை வைத்து அளப்பதே பிழை. 2019 ஆம் ஆண்டின் குடித்தன வருமான, செலவு அளவீட்டில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் அது 33.8. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோட்டங்களில் வாழ்கிறார்கள். மாவட்டத்தை ஏழையாகக் காட்டுவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம். அந்த ஏழ்மைக்காகக் கொடுக்கப்படும் சலுகையோ, விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட பிள்ளைக்குத்தான் எட்டுகிறது.

மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ பத்தடி அகலக் காம்பராவில் வளரும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் பாடசாலை 11 ஆம் தரத்தோடு முடிகிறது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்தாலும், தமிழில் உயிரியலோ கணிதமோ படிக்கப் பெரும்பாலும் ஹட்டன் போன்ற நகரத்துக்குத்தான் போக வேண்டும். பஸ் காசு, டியூஷன் காசு, தூரம் என்றால் விடுதிக் காசு. இவ்வளவும் அம்மாவின் நாட்சம்பளத்திலிருந்து வர வேண்டும். கொழுந்து நிறை குறைந்த நாளில் அவருக்கு விழுவது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகிறது, இல்லையென்றால் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறது. வெட்டுப்புள்ளி எவ்வளவு இறங்கினாலும், விஞ்ஞானப் பரீட்சைக்கே உட்காராத பிள்ளைக்கு அதனால் என்ன?

அதே மாவட்டத்தில், நுவரெலியா நகரில் சொந்த வீட்டிலிருந்து படிக்கிற உத்தியோகத்தர் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளி. அந்தப் பிள்ளைமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் லயத்துப் பிள்ளையின் பெயரால் இறக்கப்பட்ட புள்ளி அது. வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே உயர்தரம் எழுதுவோரைப் பற்றி மலையகத்தில் நெடுங்காலமாகக் குமுறல் உண்டு. அந்த ஓட்டையை அடைக்க விதிகள் வந்தன. உள்ளேயே இருக்கும் இந்தப் பெரிய ஓட்டையைப் பற்றிப் பேச ஆளில்லை. நம் அரசியல்வாதிகளுக்குப் 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பட்டம் கிடைத்ததே போதுமாகிவிட்டது.

மாவட்டத்துக்குப் பதிலாகக் குடும்பத்தின் வருமானத்தை அளப்பது நடைமுறையில் முடியாது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் உதவிப்பணத்துக்குப் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு மகாபொல புலமைப்பரிசில் கொடுக்கவும் குடும்ப வருமானம் பார்க்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், நாள் தவறாமல் எழுதப்படுகிறது. நாட்டில் இதைவிட எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஏழை வருமானம் வேறில்லை. அந்த வருமானத்தையும், பிள்ளை 11 ஆம் தரம் வரை படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இருந்ததா என்பதையும் அந்த 5 சதவீதத்துக்குள்ளாவது கணக்கில் எடுக்கலாம். அதோடு, லயத்துப் பிள்ளை தன் ஊரிலேயே உயிரியல் படிக்க ஒரு வகுப்பறையும் ஆசிரியரும் வேண்டும். அவை இல்லாமல் எந்த ஒதுக்கீடும் லயத்துக்கு வந்து சேராது.