திரை யார் கையில்?

கண்காணிப்பு என்று யாராவது வாயெடுத்தால் போதும், நம்மாட்கள் ஃபூக்கோவையும் பெந்தாமின் வட்டச் சிறையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. அதனாலேயே அவன் தன்னைத்தானே கண்காணிக்கப் பழகிக்கொள்கிறான். ஃபூக்கோவின் அந்தப் புத்தகம் (1975) நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலில், மாடியில், சமையலறையில் கேமரா மாட்டி, ஹாலில் ஒரு டிவி, படுக்கையறையில் ஒரு டிவி, ஆளுக்கொரு செல்போன் என்று ஒரே காட்சியைப் பல திரைகளில் பார்க்கிற நடுத்தர வர்க்கக் குடும்பத்தை வாசிக்க அந்தச் சிறை மட்டும் போதாது. அங்கே கோபுரம் அரசுடையது. இங்கே கோபுரத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறவர் வீட்டுக்காரரே.

இந்தச் சாதனத்தின் பிறப்புக் கதை வேறு. மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பின நர்ஸ். அவருக்கும் சரி, எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுக்கும் சரி, வேலைநேரம் தாறுமாறானது. வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டால் யாரென்று தெரியாது. குற்றங்கள் மலிந்த பகுதி. கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வராது. இருவருமாகச் சேர்ந்து 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கேமரா. படம் படுக்கையறை டிவியில் தெரியும். மைக்கில் பேசலாம், பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறக்கலாம், ஆபத்தென்றால் மணியடிக்கலாம்.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். அரசு கைவிட்ட ஒரு பெண், தன்னைத் தேடி வருகிறவனை எழுந்துபோகாமலேயே பார்க்கும் அதிகாரத்தைத் தானே செய்துகொள்கிறாள். திறப்பதா வேண்டாமா என்பது அவள் தீர்மானம். பார்க்கிறவள் விளிம்பில் இருக்கிறாள் என்பதுதான் இதில் விசேஷம். வட்டச் சிறையின் தர்க்கத்துக்குள் இது அடங்காது. கேமரா என்றாலே ஒடுக்குமுறை என்று முழங்குகிற தோழர்கள் இந்த நர்ஸுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

பிரவுனின் திரை அவள் கட்டிலருகே இருந்தது. பிறகு அது எங்கெல்லாம் போனது என்பதுதான் விஷயம். பல திரைகளில் பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. கேமரா மாட்ட வருகிறவர் பெரும்பாலும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. பதிவுப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வயரை ஸ்பிளிட்டரில் சொருகி இரண்டு மூன்று டிவிக்கு இழுத்தால் படம் அந்த வயரிலேயே நிற்கும், வீட்டுச் சுவரைத் தாண்டாது. 'போன்லயும் வேணும்' என்றால் பெட்டியிலிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணச் சொல்வார். அப்புறம் மகன் பெங்களூரிலும் மகள் துபாயிலும் பார்க்கலாம். இந்த வசதிக்கு நடுவே வழக்கமாகக் கம்பெனியின் சர்வர் ஒன்று நிற்கிறது. இணைப்பை அதுதான் ஏற்படுத்துகிறது. சில சமயம் படமே அதன் வழியாகத்தான் போகிறது. வீட்டார் எண்ணிவைத்திருக்கும் திரைகளில் இது சேராது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் கதை இன்னும் மோசம். 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து இணையத் தாக்குதலுக்கு அடியாட்களாக்கியது.

அமேசான் 2018இல் வாங்கிய ரிங் நிறுவனத்தைப் பாருங்கள். 2017இல் அதன் ஊழியர் ஒருவர் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுக்க ரிங் ஒப்புக்கொண்டது. போலீசார் செயலி வழியாகவே வீட்டுக்காரர்களிடம் பதிவு கேட்கும் வசதியை 2024 ஜனவரியில் நிறுத்துவதாக அறிவித்தது. 2025இல் வேறு உருவில் திரும்பக் கொண்டுவந்தது. கூப்பிட்டால் வராத போலீஸ் இப்போது படம் கேட்டு வருகிறது!

இனி நம் ஊர் வீடுகள். ஹால் டிவியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் கேட், ஒன்றில் போர்ட்டிகோ, ஒன்றில் சமையலறை. கேட்டும் போர்ட்டிகோவும் திருடனுக்கு. சமையலறை யாருக்கு? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத்தான். 'பாதுகாப்பு' என்ற சொல்லாடல் வாசலிலிருந்து அடுக்களைக்கு நகரும்போது சந்தேகத்துக்குரிய 'மற்றமை'யும் தெருவிலிருந்து வீட்டுக்குள் நகர்ந்துவிடுகிறது. இங்கே அது எந்தச் சாதி, எந்தப் பாலினம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்கிற அவளை ஹாலில் பார்க்கலாம், துபாயில் பார்க்கலாம். அவளுக்கு மட்டும் திரை கிடையாது. நகை காணோம் என்றால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள், அவள் எடுக்கவில்லை என்று காட்டக்கூடிய பதிவும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும்.

சட்டம்? 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுகளுக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. வீட்டுக்காரருக்கு அது வீடு. அவளுக்கு அது வேலைத்தலம். இந்த வேறுபாட்டை அந்த விலக்கு பார்க்கவே இல்லை.

வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கங்கள் கூலி, லீவு, போனஸோடு கேமராவையும் பேச வேண்டும். எங்கெங்கே இருக்கிறது, குரலும் பதிவாகிறதா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எத்தனை போனில் ஓடுகிறது என்பதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லியாக வேண்டும். அவள் உட்காருகிற, சாப்பிடுகிற, புடவையைச் சரிசெய்கிற இடத்தில் கேமரா கூடாது. திருட்டுப் பழி வந்தால் அன்றைய பதிவு முழுவதையும், வீட்டுக்காரர் வெட்டிக் கொடுக்கிற துண்டை அல்ல, அவளும் சங்கத்துக்காரரும் உட்கார்ந்து பார்க்க உரிமை வேண்டும்.