ஸ்டட் முனையில் ஒரு வெட்டு

நட்டோடு சேர்ந்து சுற்றும் டெயில் லேம்ப் ஸ்டட்டைக் கழற்ற எத்தனையோ வழி உண்டு. எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஸ்டட்டின் முனையில் ஹேக்சா பிளேடால் போடும் மெல்லிய வெட்டு. பிளாஸ்டிக் விரியாமல், டிக்கி பெயின்ட்டில் கீறல் விழாமல், அதே ஸ்டட்டைத் திரும்ப மாட்டும்படி எடுத்துத் தருவது அது மட்டுமே.

புதுப்பேட்டையில் பழைய லேம்ப் செட்டுகளைக் கழற்றிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் அதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டார். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத்தான் முதலில் கவனிப்பார். நட்டு கழன்று வர வேண்டிய வழி அது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் திருகினால் நட்டு மேலும் இறுகி, பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும் ஸ்டட்டின் தலையையும் இழுத்துக்கொண்டு சுற்றும். பையன் யாராவது அவசரப்பட்டால், "கையை எடு தம்பி, உள்ள பிளாஸ்டிக் அழுவுது பாரு" என்பார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

திரும்பி வந்ததும் உடைந்த ஹேக்சா பிளேடு ஒன்றை எடுப்பார். ஒரு முனையில் துணி சுற்றியிருக்கும். ஃப்ரேமோடு டிக்கி மூலைக்குள் கை நுழையாது. அடியில் ஈரத்துணி விரிப்பார். விழுகிற இரும்புத் தூள் பெயின்ட்டில் ஒட்டினால் அடுத்த மழைக்கே துருப்புள்ளியாகிவிடும். அறுக்கும்போது ஸ்டட் சுற்றாதா என்று கேட்கலாம். நட்டில் 10 ஸ்பேனரைப் போட்டுப் பிடித்துக்கொள்கிறார். இரண்டும் ஒட்டிக்கிடப்பதுதானே நம் தொல்லை, அதையே பிடிமானமாக்கிக்கொள்கிறார்! இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் சொக்கிப்போகிறேன். 3 மி.மீ. ஆழம், முனையின் சரி நடுவில். வெட்டு ஓரம் சாய்ந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து ஸ்க்ரூ டிரைவரில் பிய்ந்துவிடும்.

அப்புறம் ரிங் ஸ்பேனர், அதன் நடுவே ஸ்க்ரூ டிரைவர். ஸ்டட்டை அசையவிடாமல் நட்டைக் கால் சுற்று கழற்றி, அரைக்கால் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுவார். முன்னும் பின்னுமாகப் போய்வரும்போது மரையில் அரைபட்ட துரு பொடியாக உதிரும். பாக்ஸ் ஸ்பேனர்தான் உசத்தி என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஸ்டட்டின் முனையையே மூடிவிடும் பாக்ஸுக்குள் ஸ்க்ரூ டிரைவரை எங்கே நுழைப்பது?

வைஸ் கிரிப் மரையை நசுக்கும். இடமிருந்தால் நட் ஸ்பிளிட்டர் பரவாயில்லை. கிரைண்டர் கட்சியோடு எனக்குச் சமாதானமே கிடையாது. பறக்கிற பொறி லென்ஸில் பொட்டுப்பொட்டாகப் பதிந்துவிடும். எந்தப் பாலீஷும் அதை எடுக்காது.

கழன்ற ஸ்டட்டைத் திரும்பப் பதிப்பதில் இரண்டு ருசி. அரால்டைட் வைப்பவர்கள் ஒரு கட்சி. வட்டத் தலையில் வெறுமனே பசை வைத்தால் அடுத்த தடவை பசையோடு சேர்ந்து சுற்றும். தலையின் இரு பக்கமும் அரத்தால் தட்டையாக்கிவிட்டு வைத்தால் நிற்கும். பெரியவர் வேறு மாதிரி. உடைந்த ஏபிஎஸ் ஹவுஸிங் சில்லுகளை அசிட்டோனில் ஊறப்போட்டுக் குழைத்து, அதையே குழிக்குள் அடைப்பார். ஹவுஸிங்கும் ஏபிஎஸ் என்றால் காய்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். நான் இந்தக் கட்சி. அசிட்டோன் ஒரு சொட்டும் அக்ரிலிக் லென்ஸில் படக் கூடாது. பட்டால் மங்கி, முடிமுடியாக வெடிப்பு ஓடும். முழுக்க உலர ஒரு நாளாவது விட வேண்டும்.

மாட்டும்போது நைலாக் நட்டு வேண்டாம். கழலாது என்று ஆசையாகப் போடுகிறார்கள். அந்த நைலான் வளையம் மரையை முழு நீளத்துக்கும் கவ்விக்கொண்டு வரும். பிளாஸ்டிக்கில் நிற்கும் ஸ்டட்டுக்கு அந்த இழுப்பே ஆகாது. சாதா நட்டு, ஸ்பிரிங் வாஷர், மரையில் துளி கிரீஸ் போதும்.

இறுக்குவதற்குக் கை வேண்டும், இப்போது எல்லோர் கையிலும் இம்பாக்ட் கன்! ஃபோம் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியதும் நிறுத்த வேண்டிய நட்டை டர்ரென்று முடுக்கிவிட்டுப் போகிறார்கள். கேஸ்கெட் ஒரு பக்கம் சப்பையாகி, ஐப்பசி மழை டிக்கிக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீர்தான் நட்டைத் துருப்பிடிக்க வைக்கிறது. கார் செய்கிறவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. சில கார்களில் நட்டைத் தாண்டி ஒரு மரைகூட வெளியே தெரிவதில்லை. வெட்டுப் போட இடம் ஏது? எம் 6 ஸ்டட்டில் ஒரு மரை என்பது 1 மி.மீ. இன்னும் நாலு மரை நீளம் விட்டுச் செய்யட்டும்.